மஞ்சள் கனெக்டர்

போன மாதம் காஞ்சிபுரத்திலிருந்து திரும்பி வரும்போது, இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டித் தண்டலம் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். கடைக்கு முன்னால் ஒரு கார் டிரெய்லர் நின்றிருந்தது. பக்கவாட்டில் வெறும் கம்பி மட்டும் போட்ட டிரெய்லர். மேலும் கீழுமாக ஏழெட்டுக் கார்கள். துறைமுகம் போகிற லோடு. ஏழு வயதுப் பேரன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தக் காருக்கெல்லாம் ஸ்டியரிங்கைத் தப்பான பக்கத்துல மாட்டிட்டாங்க" என்றான்.

அவன் பாட்டிக்குச் சிரிப்பு. "தப்பு இல்லடா, அது வெளிநாட்டுக்குப் போற வண்டி. அங்கே எப்படிக் கேட்கிறாங்களோ அப்படித்தான் மாட்டி அனுப்பணும்" என்றேன்.

"நாம கேட்டா நமக்கும் மாட்டித் தருவாங்களா?"

அவன் கேட்டது ஸ்டியரிங்கைப் பற்றி. ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தக் கேள்வி மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1996இல் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது. அடுத்த வருடம் ஆக்சென்ட். நடுத்தரக் குடும்பம் நாலைந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் இரண்டு பெரிய பெட்டியும் ஒரு அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிற மாதிரியான கார். 2006இல் வெர்னா. அந்தக் கம்பெனி இங்கிருந்து ஏற்றுமதி செய்த கார்களின் எண்ணிக்கை 2010லேயே 10 லட்சத்தைத் தொட்டது. 2014இல் 20 லட்சம், 2020இல் 30 லட்சம். ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010இல் தொடங்கியது. அங்கே செய்த மைக்ரா எண்ணூர் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 2011இல் அங்கே சன்னி வந்தது. சன்னி நம் ஊர் ஷோரூம்களிலிருந்து காணாமல் போன பிறகும்கூட ஒரகடத்தில் தயாராகி வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. நம் ஊரில் எல்லோரும் உயரமான எஸ்.யூ.வி.க்கு மாறிவிட்டாலும், டிக்கி வைத்த கார் வேண்டும் என்று கேட்கிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

கார் கடல் தாண்டினால் பெயரும் மாறும். நம்ம வெர்னா வளைகுடாவில் ஆக்சென்ட். நம்ம சன்னியின் கூடப்பிறந்தது தென்கிழக்கு ஆசியாவில் அல்மேரா, அமெரிக்காவில் வெர்சா. எந்த ஊரில் எந்தப் பெயருக்கு நல்ல பேச்சு இருக்கிறதோ அந்தப் பெயரை வைத்து விற்பார்கள். துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் மகன் ஒருமுறை போன் செய்து, "மாமா, ஆக்சென்ட் எடுத்திருக்கேன், கொரியா வண்டி" என்றான். "கதவைத் திறந்து தகட்டுல எந்த ஊர்னு பாருடா" என்றேன். பார்த்துவிட்டு, "அட, நம்மூரு!" என்றான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை.

பெருமைப்படக் காரணம் இருந்தது. ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருடம் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். பல கார் கம்பெனிகளுக்கு வயரிங் ஹார்னஸ் செய்து கொடுக்கும் இடம். ஹார்னஸ் என்றால் காரின் நரம்பு மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் முதல் டிக்கி விளக்கு வரை போகிற எல்லா வயரையும் சேர்த்துக் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி, ஒரே கொத்தாகக் கார் கம்பெனிக்கு அனுப்புவோம். பெரிய பலகையில் ஆணி அடித்து வரைபடம் ஒட்டியிருக்கும். சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேன் வைத்து வரும் பெண்பிள்ளைகள் அந்தப் பலகை முன்னால் நின்றபடி வயரை ஓட்டி டேப் சுற்றுவார்கள். அவர்கள் கை வேகத்துக்கு என் கண்ணால் ஈடுகொடுக்க முடியாது.

ஏற்றுமதி எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஒரு காரைச் செய்து வைத்துவிட்டு எந்த நாட்டுக்காரன் வாங்குவான் என்று காத்திருப்பதில்லை. ஆர்டர் முதலில் வரும். இந்த நாட்டுக்கு இத்தனை வண்டி, ஸ்டியரிங் இந்தப் பக்கம், இன்ன என்ஜின், இன்ன ஏசி, இத்தனை ஏர்பேக் என்று ஒவ்வொன்றும் எழுதி வரும். அந்த நாட்டுச் சட்டம் ஒரு பட்டியல் போடும். அங்கே விற்கிற விநியோகஸ்தர் தன் வாடிக்கையாளர் கேட்பார் என்று இன்னொரு பட்டியல் சேர்ப்பார். அது கார் கம்பெனி வழியாக எங்கள் கைக்கு வரும்போது ஒரு பார்ட் நம்பராக இருக்கும். ஒரே மாடல் காருக்கு முப்பது, நாற்பது வகை ஹார்னஸ் இருக்கும். அவை கலந்துபோகாமல் பார்ப்பதுதான் என் வேலை.

ஏர்பேக்குக்குப் போகிற கனெக்டர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். உலகம் முழுவதும் அப்படித்தான். மெக்கானிக் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஐரோப்பாவுக்குப் போகிற ஹார்னஸைத் தூக்கினால் கனமாக இருக்கும். அங்கங்கே மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். உள்ளூருக்கு, அதிலும் விலை குறைந்த வேரியன்டுக்கு, போகிற ஹார்னஸ் மெலிசாக இருக்கும். அதில் மஞ்சளே இருக்காது. இரண்டையும் சுற்றியது அதே பெண்பிள்ளைகள்தான். இரண்டிலும் ஓகே முத்திரை குத்தியது நான்தான். முத்திரை பொய்யில்லை. கேட்டது கேட்டபடி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. என்ன கேட்டார்கள் என்பது என் கேள்வி இல்லை.

எங்கள் தொழிற்சாலையை விடுங்கள், ஊரறிந்த கணக்கு ஒன்று சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் செய்து உலகமெல்லாம் அனுப்பிய கார் ஐ10. 2008இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு அதைச் சுவரில் மோதிப் பார்த்து 4 நட்சத்திரம் கொடுத்தது. அடுத்த வருடம் ஐ20க்கு 5 நட்சத்திரம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை வாங்கி 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம். அந்த ஐந்தில் ஐ10உம் ஒன்று. சோதனை முறைகள் ஒன்றல்ல, வருடமும் வேறு, இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது என்று என்ஜினியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஏர்பேக் இல்லாத வண்டியையும் ஏர்பேக் உள்ள வண்டியையும் பிரித்தது செய்கிறவர்களின் திறமை இல்லையே. அதே ஊர், அதே தொழிலாளி. வாங்குகிறவன் வேறு.

இதைப் படித்துவிட்டுக் கம்பெனிகளைத் திட்டத் தொடங்குவதற்கு முன்னால் என் கதையையும் கேளுங்கள்.

2009இல் நான் ஒரு கார் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. தேர்ந்தெடுத்தது நான், அதனால் குற்றமும் என்னுடையது. டிக்கி வைத்த குடும்பக் கார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். ஷோரூம் பையன் இரண்டு விலை சொன்னான். மேல் வேரியன்டில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. கீழ் வேரியன்டில் இரண்டும் இல்லை. வித்தியாசம் அறுபதாயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்தில் நல்ல மியூசிக் சிஸ்டம், லெதர் சீட் கவர், பம்பர் கார்டு எல்லாம் போட்டும் மிச்சம் இருக்கும் என்று அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். நான் யோசிக்கக்கூட இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான மஞ்சள் கனெக்டரை எண்ணிப் பார்த்து முத்திரை குத்துகிறவன், தன் வீட்டுக்கு மஞ்சள் இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கியதோடு பாதுகாப்பு ஏற்பாடு முடிந்தது.

2012இல் ஒரு முகூர்த்தத்துக்காக விடியற்காலையில் காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தோம். சுங்குவார்சத்திரம் தாண்டி, எதிர்த்திசையில் ஒரு பைக் வந்தது. அதைத் தப்பிக்க வைக்க ஒடித்தேன். வண்டி நடுத்தடுப்பில் மோதி நின்றது. பெரிய வேகம் இல்லை. இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தோம். எனக்கு மார்பில் ஸ்டியரிங் இடித்து இரண்டு விலா எலும்பு விரிசல். என் மனைவியின் முகம் டாஷ்போர்டில் மோதியது. தாடையில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கஞ்சியும் ஜூஸும் ஸ்ட்ராவில். இன்றைக்கும் மார்கழிக் குளிரில் இடது பக்கம் மெல்ல முடியாது. முறுக்கு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை விட்டு வருடக்கணக்காகிவிட்டது.

ஏர்பேக் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் தாடைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்திருக்கும். வாய்க்கட்டு அவிழ்த்த பிறகு அவள் என்னிடம் அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் மஞ்சள் மாட்டி அனுப்புனீங்க. நமக்கு ஒண்ணு கேட்டு வாங்கலையே."

இதைத்தான் நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தேன். இங்கே செய்ய முடியாமல் இல்லை. கேட்ட ஊருக்குச் செய்து கொடுத்தோம். நாம் கேட்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை, வாங்குகிறவனும் கேட்கவில்லை.

"விருப்பம் உள்ளவன் காசு கொடுத்து மேல் வேரியன்ட் வாங்கிக்கொள்ளட்டும், எதற்குச் சட்டம்?" என்று வாக்கிங் நண்பர் ஒருவர் வாதாடுவார். அவருக்கு நான் சொல்லும் பதில், நானே உதாரணம் என்பதுதான். இந்தத் தொழிலிலேயே இருந்தவன், அந்தக் கனெக்டர் எதற்கு என்று நன்றாகத் தெரிந்தவன், அறுபதாயிரத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். விஷயம் தெரியாதவரிடம் எப்படி எதிர்பார்ப்பது? தவிர, முன் சீட்டில் உட்காரப்போகிறவள் ஷோரூமில் பேரம் பேசுவதில்லை. பின்னால் உட்காரும் குழந்தை கேட்காது. அவர்களுக்காகச் சட்டம்தான் கேட்க வேண்டும்.

"விலை ஏறினால் பைக்கில் போகிற குடும்பம் பைக்கிலேயே நின்றுவிடும், அது இன்னும் ஆபத்து" என்பது அவருடைய அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்து போனவர்களும் நிறைய. ஏர்பேக் அவர்களை ஒன்றும் காப்பாற்றாது. ஆனால் பைக்கிலிருந்து காருக்கு மாறுகிற குடும்பம் முதலில் வாங்குவது கீழ் வேரியன்டைத்தான். ஆபத்திலிருந்து தப்பிக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசைக் கொடுக்கிறவனுக்கு, பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கூரையை விற்பது என்ன நியாயம்? எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி என்றால் செய்கிற எண்ணிக்கையும் கூடும், ஒன்றுக்கு ஆகிற செலவும் குறையும். நாற்பது வகை ஹார்னஸை நாலு வகையாகக் குறைத்தால் தொழிற்சாலையில் எவ்வளவு மிச்சம் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

மெல்ல மெல்லச் சட்டம் கேட்கத் தொடங்கியது. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு 56 கி.மீ. வேக மோதல் சோதனை. 2019இல் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் கட்டாயம். பிறகு பக்கத்துச் சீட்டுக்கும். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு விதி வந்தது. தள்ளிப்போட்டார்கள். 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கப்போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். அதற்குள் பாரத் என்கேப் என்ற நம்முடைய சொந்த நட்சத்திரச் சோதனை அறிவிக்கப்பட்டு, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோதிப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மோதல் சோதனைக் கூடத்தோடு. கார் பிறக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

அதே அக்டோபரில் நடந்த இன்னொன்று எனக்கு நிறைவாக இருந்தது. புதிய வெர்னா, இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற அதே நடுத்தரக் குடும்பக் கார், குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 5 நட்சத்திரம் வாங்கியது. கூண்டு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்ற குறை அந்த அறிக்கையிலேயே உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்டிலும் உண்டு, கீழ் வேரியன்டிலும். அதையொட்டி அந்தக் கம்பெனி தன் எல்லாக் கார்களிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. சட்டம் கட்டாயப்படுத்தாமலே இது எப்படி நடந்தது? நட்சத்திரம் எத்தனை என்று ஜனங்கள் ஷோரூமில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் மைலேஜ் எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி.

ஆக, நம் கதை பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாம் கேட்காத காலத்தில் நமக்கு நடந்தது, இப்போது கேட்காத இன்னொரு ஊருக்கு நம் கையால் நடக்கலாம். 2017இல் ஆப்பிரிக்காவில் விற்கும் ஐந்து கார்களை மோதிப் பார்த்தார்கள். ஒரகடத்தில் தயாரான டட்சன் கோ பிளஸ், ஏழு பேர் உட்காருகிற குடும்ப வண்டி, 1 நட்சத்திரம் வாங்கியது. அதே சோதனையில், பெங்களூரு பக்கம் பிடதியில் செய்து நம் எண்ணூர் வழியாகக் கப்பல் ஏறிய டொயோட்டா எட்டியோஸ் 4 நட்சத்திரம் வாங்கியது. இரண்டும் இந்தியக் கை செய்த வண்டிதான். ஐரோப்பியனுக்கு ஒரு ஹார்னஸ், ஆப்பிரிக்கனுக்கு ஒரு ஹார்னஸ் என்று சுற்றச் சொன்னால், அந்தப் பலகை முன்னால் நிற்கிற பெண்பிள்ளைக்கு மறுக்க முடியாது. எனக்கும் முடியவில்லை. ஆனால் ஏற்றுமதி எண்ணிக்கையைச் சொல்லி விழா எடுக்கும்போது, அந்த வண்டிகள் எந்த ஊருக்கு எத்தனை ஏர்பேக்கோடு போயின என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லலாம். நம் ஊர்ப் பெயர் பொறித்த தகடு அந்தக் கதவிலும் இருக்கிறது.

கடைசியாக, புதுக் கார் வாங்கப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்ணம், சன்ரூஃப், ஸ்கிரீன் எத்தனை இஞ்ச் என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேரியன்டில் ஏர்பேக் எத்தனை? மோதல் சோதனையில் நட்சத்திரம் எத்தனை, அது இந்த வேரியன்டுக்கும் பொருந்துமா? பின் சீட்டில் மூன்று பேருக்கும் தோள் வரை வருகிற பெல்ட் இருக்கிறதா? வாங்கிய பிறகு அந்தப் பெல்ட்டைப் போடவும் செய்யுங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்றுதான் போலீஸ் சொன்னது. பெல்ட் இல்லாமல் ஏர்பேக் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

பழைய வண்டியை விற்று நாலு வருடம் ஆகிறது. இப்போது இருப்பதில் ஆறு ஏர்பேக். டெலிவரி எடுத்த அன்றைக்கு, ஷோரூம் பையன் ரிப்பன் கட்டிப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். "என்னங்க தேடறீங்க?" என்றாள் மனைவி.

"மஞ்சள்" என்றேன்.

"இருக்கா?"

இருந்தது.